தேர்ச்சி விகிதத்தோடு சேர்த்து அச்சிட வேண்டிய எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் மாவட்ட வாரியான தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகின்றன. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, அரசுப் பள்ளிகள் எத்தனை சதவீதம், மெட்ரிக் பள்ளிகள் எத்தனை சதவீதம், நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிகள் எத்தனை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. முதல் சில இடங்களில் சென்னையைப் பார்ப்பது அபூர்வம். அதற்கென்று ஒரு தனிச் செய்தியும், அதிகாரி ஒருவரின் விளக்கமும் வந்துவிடும். இந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பள்ளியிலிருந்து பொதுத்தேர்வை எழுதினார்கள் என்பது. அது இல்லாமல் மற்ற எண்கள் ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அதைத் தருவதற்கு வேண்டிய விவரம் முழுவதும் பள்ளிக் கல்வித் துறையின் கையிலேயே இருக்கிறது. இவற்றை எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

கணித ஆசிரியனாக இருந்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இரண்டு பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், இரண்டும் கற்பனைதான். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் 120 பிள்ளைகள். முதல் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 96 பேர். அத்தனை பேரும் தேர்ச்சி. இரண்டாவது பள்ளியிலிருந்து எழுதியவர்கள் 118 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 106 பேர். நாம் அச்சிடும் பட்டியலில் முதல் பள்ளி 100 சதவீதம். இரண்டாவது 90-ஐக்கூட எட்டவில்லை. முதல் பள்ளியின் வாசலில் பிளக்ஸ் பேனர் ஏறும். இரண்டாவது பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்வார். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தப் பள்ளி கரையேற்றியது என்று கேட்டால், முதல் பள்ளிக்கு 80 சதவீதம், இரண்டாவது பள்ளிக்கு 88 சதவீதம். வகுக்கும் எண்ணை மாற்றினால் முதலிடமும் கடைசி இடமும் இடம் மாறிவிடுகின்றன.

முதல் பள்ளியில் காணாமல் போன அந்த 24 பேர் எங்கே போனார்கள் என்பது துறையில் இருந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. ஆகவே சலித்தெடுப்பது அங்கேதான் நடக்கிறது. ஆண்டுத் தேர்வில் தவறிய மாணவனின் பெற்றோரை அழைத்து, “இங்கேயே வைத்திருந்தால் மறுபடியும் ஒன்பதாவதுதான், டி.சி. வாங்கிக்கொள்வதானால் பாஸ் போட்டுத் தருகிறோம், வேறு பள்ளியில் பத்தாவது சேர்த்துவிடுங்கள்” என்று சொல்வது எங்கும் எழுதி வைக்கப்படாத நடைமுறை. சில இடங்களில் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகும், தனித்தேர்வராக எழுதட்டும் என்ற யோசனை வரும். எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் செய்யும் பள்ளிக்குப் பரிசும், செய்யாத பள்ளிக்குத் தண்டனையும் தரும் அளவுகோலைத்தான் நாம் ஆண்டுதோறும் தூக்கிப் பிடிக்கிறோம்.

அப்படி வெளியே வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோதான். ஜூன் மாதத்தில் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ பத்தாம் வகுப்பில் புதிதாக வந்து சேரும் அந்த மாணவன், அடுத்த கோடையில் அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தில்தான் கணக்கிடப்படுவான். ஒன்பது ஆண்டுகள் அவனுக்குப் பாடம் நடத்திய பள்ளிக்கு அவன் கணக்கிலேயே இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்வியாண்டின் நடுவில் வீடும் பள்ளியும் மாறிய பிள்ளைகளை வாங்கிக்கொண்ட பள்ளியையும், நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த பள்ளியையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கிவிட்டு, அதைச் சென்னையின் கல்வித் தரம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்து, அந்த விகிதம் எதை அளக்கிறது என்ற கேள்வி. பொதுத்தேர்வு என்பது ஒரு மாணவனுக்குச் சான்றிதழ் தருவதற்காகவும், மேற்படிப்புக்கு வரிசைப்படுத்துவதற்காகவும் வடிவமைக்கப்பட்ட தேர்வு. பள்ளியை எடைபோடுவது அதன் வேலை அல்ல. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10, ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஒரு மதிப்பெண் வினாக்களில் பெரும்பகுதி பாடநூலின் பின்பக்கத்திலிருந்தே வரும். அவற்றை மனப்பாடம் செய்து, வடிவொத்த முக்கோணமோ தொடுகோடோ வரையப் பழகி, வரைபடத்தையும் தேற்றிக்கொண்டால் 30 மதிப்பெண் வரை நெருங்கிவிடலாம். உறவுகளும் சார்புகளும் பாடத்திலிருந்து மூன்று சிறு கணக்குகள் போதும், கரை தெரிந்துவிடும். இயற்கணிதத்தின் பக்கமே போகாமல் ஒரு மாணவன் கணிதத்தில் தேர்ச்சி பெறும் வழி இது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று எல்லாப் பள்ளிகளிலும் சுற்றிவரும் குறைந்தபட்சக் கற்றல் கையேடுகளின் அடிப்படையும் இதுதான்.

இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்வு பெறும்வரை நானும் செய்தேன். தோற்றால் படிப்பையே விட்டுவிடக்கூடிய ஒரு பிள்ளைக்கு 35 வாங்கிக் கொடுப்பது கௌரவமான வேலை. ஆனால் அந்தத் தேர்ச்சியைக் காட்டி, இப்பள்ளியில் கணிதம் நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்று யாராவது சொன்னால் அது பொருந்தாது. இன்னொரு விளைவும் உண்டு. தேர்ச்சி விகிதம் ஒன்றே கேட்கப்படும் இடத்தில், ஆசிரியரின் மாலை நேரச் சிறப்பு வகுப்பு முழுவதும் 25-க்கும் 40-க்கும் இடையே ஊசலாடும் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். 60 வாங்குபவனை 80-க்கு உயர்த்தினால் பள்ளியின் எண் அசையாது. எட்டாம் வகுப்புவரை கூட்டல் கழித்தலிலேயே தடுமாறி வந்த பிள்ளையை உட்காரவைத்து அடிப்படையிலிருந்து தொடங்கினாலும் இந்த ஆண்டு எண் அசையாது. இரு முனைகளிலும் இருப்பவர்கள் கைவிடப்படுவது ஆசிரியரின் மனச்சாட்சி கெட்டதால் அல்ல, கேட்கப்படும் கேள்வி அப்படிப்பட்டது என்பதால்.

2017-இல் தமிழ்நாடு அரசு மாநில, மாவட்ட அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அது நல்ல முடிவு. மூன்று மாணவர்களின் புகைப்படங்களுக்காக ஆயிரக்கணக்கானவர்களைப் பிழிந்தெடுத்த ஒரு சடங்கு அதோடு நின்றது. போட்டி நிற்கவில்லை, முதலிடம் போய்ச் சென்டம் எண்ணிக்கையும் நூறு சதவீதத் தேர்ச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டன. பிளஸ் 2 தேர்வின் மொத்த மதிப்பெண் 2018-19-இல் 1200-இலிருந்து 600 ஆனது. அதற்கு முந்தைய 2017-18-இலேயே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தையே தொடாமல் இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தை மட்டும் நடத்திவந்ததே அதற்குக் காரணம். தேர்வு வைத்தால்தான் பாடம் நடத்துவார்கள் என்ற நிலைக்கு அரசே வந்துசேர்ந்த கதை அது. இப்போது 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை பிள்ளைகளுக்குக் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய பழக்கம் திரும்பாமல் இருக்க எந்த ஏற்பாடு வைத்திருக்கிறோம்? பிளஸ் 1 வகுப்புகளில் முன்னறிவிப்பின்றிச் சென்று மாணவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்க்கும் ஓர் ஆய்வு, எந்தப் பொதுத்தேர்வையும்விட மலிவாகவும் சரியாகவும் இதைக் கண்டுபிடித்துவிடும்.

ஓர் எண்ணின் மீது பணத்தையும் பதவியையும் ஏற்றினால் அந்த எண் கெட்டுப்போகும் என்பது உலகம் பலமுறை பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். இங்கிலாந்தில் 1862-இல், மாணவர்கள் ஆய்வாளரின் முன்னால் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டுவதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று விதி வந்தது. அந்த முறை கடல் கடந்து நம் சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வாசிக்க வேண்டிய நூலை மனப்பாடம் செய்துகொண்டு, புத்தகத்தைப் பார்ப்பதுபோல் ஒப்பித்த பிள்ளைகளைப் பற்றி அக்கால ஆய்வாளர்களே முறையிட்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1976-இல் இதையே ஒரு பொது விதியாக வகுத்தார்: ஒரு சமூகக் குறியீட்டைக் கொண்டு எவ்வளவு அதிகமாக முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ, அவ்வளவு அதிகமாக அந்தக் குறியீடும், அது கண்காணிக்கும் பணியும் சீர்கெடும் என்றார். அவருடைய நாட்டிலேயே 2001-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது. ஜார்ஜியா மாநில விசாரணையாளர்கள் 2011-இல் தந்த அறிக்கை, அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளில் தேர்வு முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர்களும் முதல்வர்களுமாக 178 பேர் அதில் ஈடுபட்டதாகவும் கூறியது. விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துத் திருத்தியவர்கள் மாணவர்கள் அல்லர்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாடு 2001-இல் பள்ளி வாரியான தேர்வு முடிவுப் பட்டியல்களை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பட்டியலைத் தொடர்ந்து வெளியிட்ட இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பின்னர் நடந்த ஆய்வு, வேல்ஸ் மாணவர்களின் தேர்வு முடிவுகள் பின்தங்கியதையும், அந்தச் சரிவு கீழ்நிலைப் பள்ளிகளில் அதிகமாக இருந்ததையும் காட்டியது. யாரும் பார்க்கவில்லை என்றால் தளர்ச்சி வருவது மனித இயல்பு. ஆகவே, விவரங்களை வெளியிடவே கூடாது என்பது என் கட்சி அல்ல. வெளியிடும் எண் பிள்ளைகளை வெளியே தள்ளுவதற்குக் கூலி கொடுக்கும் எண்ணாக இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

நாடு முழுவதற்குமான, மாநிலம் முழுவதற்குமான கற்றல் நிலையை அறிய வேறு கருவிகள் இருக்கின்றன. தேசிய அடைவு ஆய்வு 2017-இலும் 2021 நவம்பரிலும் நடந்தது. 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு, பரக் என்ற தேசிய மதிப்பீட்டு மையத்தின் ஆய்வாக நடந்தது. ஆசிரியர்கள் ஸ்லாஸ் என்று அழைக்கும் மாநில அடைவுத் தேர்வும் நடக்கிறது. இவற்றின் பலம் எங்கே இருக்கிறது என்றால், மாதிரிக்கு எடுத்த மாணவர்களிடம் நடத்தி ஒரு மாவட்டத்தின் நிலையை மதிப்பிட முடியும் என்பதிலும், அதில் எந்த மாணவனுக்கும் ஆசிரியருக்கும் சொந்த லாப நட்டம் இல்லை என்பதிலும் இருக்கிறது. காய்ச்சல் காட்டியதற்காக வெப்பமானியைத் திட்டினால், அடுத்த முறை அதை யாராவது தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அடைவுத் தேர்வின் முடிவை வைத்துத் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் கடிதம் ஒன்று போகட்டும். அடுத்த ஆண்டு அந்தத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே மாதிரி வினாத்தாள் பயிற்சி தொடங்கிவிடும், பாடம் பின்னால் போய்விடும். பிறகு அந்த எண்ணும் நமக்கு எதையும் சொல்லாது. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக, பதினைந்து வயது மாணவர்களுக்கு நடந்த பன்னாட்டு பீசா தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் 80 சதவீதத்துக்கு மேல். இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஆராய்வதற்குப் பதிலாக, அடுத்து வந்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. அந்த வாய்ப்பு வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கற்பித்தலுக்கு உதவும் மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் அட்டையை முடித்து, ஏணியில் தான் நிற்கும் படியைத் தானே பார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். மதிப்பீடு பாடத்துக்குள்ளேயே இருந்தது, பயமும் இல்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும் அடிப்படையில் அதே நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்ற வேண்டும், ஏற்றியது மேலே போக வேண்டும், மேலே பள்ளிகள் ஒப்பிடப்பட வேண்டும் என்று வரும்போது, வகுப்பறைக்குள் ஆசிரியரின் குறிப்பாக இருக்க வேண்டியது அலுவலகத்தின் அறிக்கையாக மாறிவிடுகிறது. 2012-13-இல் முழுமையான தொடர் மதிப்பீட்டு முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40-க்கான செயல்திட்டங்களில் எத்தனை பிள்ளைகள் செய்தவை, எத்தனை பெற்றோர் செய்தவை என்பது வீட்டில் பிள்ளை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். மேல்நிலை வகுப்பில் அகமதிப்பீட்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முழுதாகவே கிடைக்கிறது. மேலே கணக்குக் காட்டுவதற்காகப் போடப்படும் மதிப்பெண் அப்படித்தான் ஆகும்.

சரி, எந்த எண்ணைக் கேட்கிறேன்? கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், அதாவது எமிஸில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மறு ஆண்டு அதே பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள், எத்தனை பேர் வேறு பள்ளிக்குப் போனார்கள், எத்தனை பேர் எங்குமே இல்லை என்பதைத் துறை சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பதினோராம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களுக்கும் இதே கணக்கைப் போடலாம். அரசு, மாநகராட்சி, உதவி பெறும், மெட்ரிக் பள்ளிகள் அனைத்துக்கும் தேர்ச்சி விகிதத்தின் பக்கத்திலேயே இந்த எண்ணையும் வெளியிட வேண்டும். நூறு சதவீதம் என்ற பேனருக்குக் கீழே, தொடங்கிய 120 பேரில் எழுதியவர்கள் 96 என்று அச்சிட நேர்ந்தால், அந்தப் பேனரை வைப்பதற்கு முன் நிர்வாகம் கொஞ்சம் யோசிக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். தந்தைக்கு வேலை மாற்றல் வந்தால் பிள்ளையும் பள்ளி மாறும்; அது பள்ளியின் குற்றம் அல்ல. சரிதான், ஆனால் அப்படி மாறுகிறவர்களில் நன்றாகப் படிப்பவர்களும் சுமாராகப் படிப்பவர்களும் கலந்தே இருப்பார்கள். ஒரு பள்ளியை விட்டுப் போனவர்கள் எல்லோரும் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களாகவே இருந்தால் அது மாற்றலால் அல்ல என்று எமிஸ் தரவே காட்டிக்கொடுத்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ போகிறவர்களை இழப்பாக எண்ணக் கூடாது. போய்ச் சேர்ந்தவர்களாக எண்ண வேண்டும். வகுப்பில் 18 பேர் மட்டுமே உள்ள சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே விகிதம் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும் என்பதால், ஓர் ஆண்டின் எண்ணை நம்பாமல் மூன்று ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வந்தபோது எங்கே நின்றது, போகும்போது எங்கே நின்றது என்ற வளர்ச்சியை அளப்பது இன்னும் நல்லது. ஆனால் அது நுட்பமான வேலை. அவசரப்பட்டு அதையும் ஒரு தரவரிசையாக்கிவிடக் கூடாது. முக்கியமாக, இந்த எண்களில் எதன் மீதும் மெமோவையும் வைக்கக் கூடாது, கேடயத்தையும் வைக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் வாசிக்கப்பட்டால் போதும். தன் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கிறது என்பது அந்தப் பெற்றோருக்கு எந்தச் செயலியையும்விட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். இதைக் கேட்பதில் துறைக்கு அவ்வளவு விருப்பம் இருக்காது என்பதை அறிவேன். தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்கிறார். கணித ஆசிரியர் பணியிடம் ஜூன் முதல் நவம்பர் வரை காலியாக இருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? அந்தப் பணியிடத்தை நிரப்பும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. வாக்காளர் பட்டியல் பணிக்கும் பிற கணக்கெடுப்புகளுக்கும் ஆசிரியர்களை அனுப்பும் அதிகாரமும் அவரிடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்கும் அருகில், அந்தக் கல்வியாண்டில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதையும் வெளியிடட்டும். பொறுப்பு கேட்கும் வழக்கம் கல்லூரிச் சாலையில் கல்வித் துறையின் இயக்ககங்கள் உள்ள அன்பழகன் கல்வி வளாகத்திலிருந்து பள்ளிகளை நோக்கி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அது பள்ளிகளிலிருந்து அந்த வளாகத்தை நோக்கியும் வர வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வு முடிவு நாளுக்குச் சில வாரங்கள் முன்பாகவே, தங்கள் செய்தியாளர் ஒருவர் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமும் பள்ளிக் கல்வி இயக்ககத்திடமும் சென்னை மாவட்டத்துக்கு மட்டுமாவது இந்த விவரத்தைக் கேட்கட்டும்: முந்தைய கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பெயர் இருந்தவர்கள் எத்தனை பேர், இந்த ஆண்டுத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், தேர்வறைக்கு வராதவர்கள் எத்தனை பேர், தனித்தேர்வர்கள் எத்தனை பேர். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. கிடைக்கும் எண்களைத் தேர்ச்சி விகிதப் பட்டியலில் மேலும் இரண்டு பத்திகளாகச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை – 11.